நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள்

என் அப்பாவின் பெயர் பி. தணிகாசலம். திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு கன்வென்ஷன் ஹாலில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். ஹாலின் பெயரை எழுதப் போவதில்லை. அதன் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. மேசை எங்கே, நாற்காலி எங்கே, நடைவழி எத்தனை அடி என்று காட்டும் படம். வலது கீழ் மூலையில் 'தயாரித்தவர்: பி. தணிகாசலம்' என்று இருக்கும். அந்தப் படத்தின்படி மேசை போட்ட ஒரு நாளில் ஒரு பெண் இறந்தார். அப்பாவைக் கைது செய்தார்கள். முப்பத்தொன்பது நாள் கழித்து அப்பாவும் இறந்தார்.

படத்தைத் தயாரித்தது அவர் இல்லை, அவர் மகள் நான். அவர் பெயர் அதிலிருந்து நீங்க வேண்டும் என்று நான்கு மாதமாக அலைகிறேன்.

நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்தில் பிறந்தவர். அவர் அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை, கரும்பு வெட்டுக்குப் போனார். நைனா எட்டாவதோடு நின்றார். பதினேழு வயதில் ஒரு சாமியானாக்காரரின் லாரியில் ஏறித் திருப்பதி வந்தார். கைக்கு நான்காக இரும்பு மடக்கு நாற்காலி தூக்கினார். தெலுங்கை வேலையிடத்திலேயே கற்றுக்கொண்டார். பந்தல் கட்டினார், மேடை போட்டார். 2005இல் அந்த ஹால் திறந்தபோது நாற்காலி தூக்கும் ஆளாகச் சேர்ந்தார். ஆறு வருடத்தில் மேற்பார்வையாளர். கல்யாணம், டாக்டர்கள் மாநாடு, உர விற்பனையாளர் கூட்டம், காலேஜ் கருத்தரங்கு என எது வந்தாலும் நாற்காலி அவர் சொன்ன இடத்தில்தான் விழும்.

அவரிடம் டேப் கிடையாது. நாற்காலிதான் அளவு. ஒரு நாற்காலியைத் தரையில் படுக்க வைத்தால் இரண்டரை அடி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வரிசை நாற்காலியின் முதுகுக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் அடுத்த வரிசை மேசைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி படுக்க வேண்டும். ஐந்தடி. யார் கேட்டாலும் குறைக்க மாட்டார்.

காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பந்தியில் முந்நூறு பேர் உட்கார்ந்தால், முதல் இலையில் சோறு விழும்போதே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் வந்து நின்றுவிடுவார். முதுகில் கை வைத்துக்கொள்வார். உட்கார்ந்தவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். அவர் நிற்க ஒன்றரை அடி. அவருக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவருக்கு மூன்றரை அடி.

மேசை போட்டு முடித்ததும் நைனா ஒரு நாற்காலியில் உட்காருவார். கூட வேலை செய்த சின்னப்பனைப் பின்னால் நிற்கச் சொல்வார். இன்னொருவர் காலி வாளியோடு நடப்பார். வாளி சின்னப்பன் மேல் பட்டால் மேசை நகரும். எத்தனையோ முகூர்த்தங்களுக்கு இப்படிச் செய்திருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் யாருக்கும் சுட்டதில்லை, யாரும் விழுந்ததில்லை.

நான் புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும், நடுவில் எவ்வளவு இடம் என்று வரைவது என் வேலை. இயந்திரங்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். ஒன்றின் பின்னால் இன்னொன்று வந்து காத்திருக்காது.

2023 மே மாதம் ஹால் கைமாறியது. வெளியூரில் பல ஹால்கள் நடத்துகிற குழுமம் ஒன்று வாங்கியது. புதிய மேனேஜர் முதல் கூட்டத்திலேயே ஒரு பட்டியல் கொடுத்தார். எந்தப் பதவிக்கு என்ன சான்றிதழ் என்ற பட்டியல். மேற்பார்வையாளருக்கு அரங்கப் பாதுகாப்பு, இருக்கை அமைப்பு என்று ஒரு ஆன்லைன் படிப்பு. முழுக்க ஆங்கிலம். அறுபது கேள்விகள். கூடவே சொந்த ஹாலுக்கு ஒரு வரைபடம் போட்டு அனுப்ப வேண்டும். ஆறு வாரத்தில் முடிக்காதவர் மறுபடி நாற்காலி தூக்கப் போகலாம், அந்த இடத்துக்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர் வருவார் என்றார். மரியாதையாகத்தான் சொன்னாராம்.

மூன்று நாளாக நைனாவின் தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது என்று அம்மா எனக்கு ஃபோன் செய்தாள். சனிக்கிழமை வந்தேன். பாடப் புத்தகத்தை அச்செடுத்து வைத்திருந்தார். இருநூற்று நாற்பது பக்கம். அவரால் படிக்க முடிந்தது எண்கள் மட்டும். எல்லா எண்களையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்தையும் காட்டி இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டார். சொன்னேன். சிலதுக்குத் தலையாட்டினார். சிலதுக்குச் சிரித்தார். நடைவழி மூன்றடி என்ற வட்டம் வந்தபோது, இது வெள்ளைக்காரன் துன்ற கணக்கு என்றார்.

ஐம்பத்தாறு வயது. ஆறு வாரம். நடக்காது என்று எனக்கு அன்றே தெரிந்தது. நானே எழுதிவிடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவராகக் கேட்கவில்லை. இதை யாராவது குறித்துக்கொள்ள வேண்டும்.

அரங்கத் துறைக்காரர்களுக்கு இணையத்தில் இல்லாதது இல்லை. இருக்கை அட்டவணைகள், ஒரு ஆளுக்கு எத்தனை சதுர அடி என்ற கணக்கு, வெளியேறும் வழியின் அகலம், சங்கங்கள் வெளியிட்ட கையேடுகள், சரிபார்ப்புப் பட்டியல்கள். பன்னிரண்டு ஆவணம் இறக்கினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். விருந்து அமைப்பு என்ற அத்தியாயம் எல்லாவற்றிலும் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர் ஒன்றிலும் இல்லை.

கூடத்தின் பயன்படும் நீளம் எண்பதடி. நைனாவின் அமைப்பில் மேசை ஒன்றரை, நாற்காலி இரண்டு, இடைவெளி ஐந்து, ஆக வரிசைக்கு எட்டரை அடி. ஒன்பது வரிசை. வரிசைக்கு முப்பத்திரண்டு பேர், மொத்தம் 288. நான் இடைவெளியை மூன்றடி ஆக்கினேன். வரிசைக்கு ஆறரை அடி. பன்னிரண்டு வரிசை, 384. அழகான படம். கதவின் அகலம், வெளியேற ஆகும் நேரம் எல்லாம் ஓரத்தில் எழுதினேன். 384 பேரும் பரிமாறுகிறவர் நாற்பது பேரும் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாம் விதிக்குள் வந்தது.

மடிக்கணினியில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பின்னாடி நிக்கிறவங்க எங்க கண்ணு?"

"அவங்க உள்ள வரக்கூடாது நைனா. வெளிய உட்கார வெச்சி டோக்கன் குடுக்கணும். அதான் முறை."

"டோக்கனா? மாப்ள வூட்டு மாமனுக்கு ஒரு டோக்கன் குடுத்துப் பாரு. கல்யாணமே நின்னுடும்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பரீட்சைக்குத்தானே, அவங்க கேக்கிற மாதிரி இருந்தா போதும் என்றேன். பரீட்சைக்குத்தானே என்று அவரும் சொன்னார். அந்தப் படம் காகிதத்தோடு நின்றுவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம். தேர்வு கேமரா கேட்கவில்லை. அவர் ஃபோனுக்கு வந்த ஆறு இலக்கத்தை மட்டும் கேட்டது. அவர் வாசித்தார், நான் அடித்தேன். 91 மதிப்பெண். அம்மா கேசரி செய்தாள்.

மேனேஜருக்குச் சான்றிதழோடு படமும் போனது. சான்றிதழை அவர் ஒரு நிமிடம் பார்த்திருப்பார். படத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து நைனாவின் கையைக் குலுக்கினாராம். தொண்ணூற்றாறு நாற்காலி கூடுதல். இதே ஹாலில், ஒரு செங்கல் வைக்காமல். வரும் முகூர்த்தத்திலிருந்து இப்படியே போடுங்கள் என்றார். படத்தைப் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் மாட்டினார்.

இது தப்பு என்று நைனா எப்படிச் சொல்வார்? கீழே அவர் பெயர் இருக்கிறது. தப்பென்றால் ஏன் போட்டீர்கள் என்று கேட்பார்கள். நான் போடவில்லை என்றால் சான்றிதழ் பொய்.

ஒரே ஒரு முறை எனக்கு ஃபோன் செய்தார். ஜூன் கடைசி, பகல் ஷிஃப்ட். வரிசையில் ஒரு கன்வேயர் நின்றுபோய், நான் அதன் கீழே குனிந்திருந்தேன்.

"கண்ணு, அந்தப் படத்த நம்மளே கொஞ்சம் மாத்திக் குடுத்தா ஒத்துக்குவாங்களா?"

"எதுக்கு நைனா? பாஸாயிடுச்சே. இனிமே அத யாரு பாக்கப் போறாங்க?"

"சரி சரி. நீ வேலையப் பாத்துக்கினு இரு."

அவ்வளவுதான். முப்பது வினாடிகூட இல்லை. ஃபோனில் அந்த அழைப்பின் பதிவு இன்னும் இருக்கிறது, இருபத்தாறு வினாடி.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் என்ன நடந்தது என்பதைச் சின்னப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெளிக் கூடத்தில் மாநாடு நடக்கிற நாட்களில் மேனேஜர் அங்கேயே இருப்பார். அப்போது நைனா நடுவில் மூன்று வரிசையை எடுத்துவிட்டு மற்றதை அகலமாகப் போடுவாராம். பெரிய கல்யாணம் என்றால் மேனேஜர் வரிசை எண்ணுவார். அன்றைக்கு எடுக்க முடியாது. நைனா டோக்கன்கூட அடித்தார். ரேணிகுண்டா சாலையில் ஒரு அச்சகத்தில், மஞ்சள் நிறத்தில், ஒன்றிலிருந்து நானூறு வரை. முதல் நாளே மாப்பிள்ளையின் பெரியப்பா அதைக் கிழித்து நைனாவின் சட்டைப் பையிலேயே திணித்தாராம். வேலையாட்கள் அவருக்கு 'டோக்கன் தணிகாசலம்' என்று பெயர் வைத்தார்கள். மேசை போட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டார். வாளி படும் என்று தெரிந்தே உட்கார்ந்து எதற்கு என்று ஒருநாள் சொன்னாராம்.

பந்தி நடக்கும்போது கூடத்தின் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். கொஞ்சம் நில்லுங்க சாமி, இதோ ஆயிடும், இதோ ஆயிடும். ஜனம் அவர் கைக்குக் கீழே குனிந்து போகும். குழந்தைகளை முதலில் அனுப்பி இடம் பிடிக்கும். குழந்தையைத் தேடித் தாய் போவாள். அவளைத் தேடி மற்றவர்கள். பதினான்கு மாதம் என் படத்தை அவர் தன் இரண்டு கையால் தாங்கினார். எனக்குத் தெரியாது. தீபாவளிக்குப் போனபோது தோள் வலிக்கிறது என்றார். தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

2024 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. மூன்றாவது பந்தி. மதியம் ஒன்று இருபது. சாப்பாட்டுக் கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது. மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளப் பதினோரு வினாடி ஆனது. அந்த இருட்டில் ஏழாவது வரிசைக்கும் எட்டாவது வரிசைக்கும் நடுவில் ரசம் கொண்டுபோனவர் நிற்கப் பார்த்தாராம். நிற்க இடமில்லை. வாளி கவிழ்ந்தது. சூடு பட்டவர்கள் பின்னால் தள்ளினார்கள். பின்னால் மேசை. உட்கார்ந்திருந்தவர்கள் எழ முயன்றார்கள். அவர்கள் நாற்காலியைப் பின்னாலிருந்தவர்கள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். விளக்கு வந்தபோது சித்தூரிலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் நாற்காலிகளுக்கு நடுவே கீழே கிடந்தார். அவர் மேல் ஆறு பேர். அவர் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை.

நாற்காலிகளை இழுத்ததில் நைனாவுக்கு இடது கையில் இரண்டு விரல் உடைந்தது. அந்த அம்மாளை மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும் வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். சேலையெல்லாம் ரசம் என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

அன்று மாலை நிர்வாகம் போலீசிடம் மூன்று காகிதம் கொடுத்தது. சான்றிதழின் நகல், வரைபடத்தின் நகல், பாதுகாப்புப் பொறுப்பாளர் பி. தணிகாசலம் என்ற நியமன உத்தரவு. காகிதங்கள் சரியாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லி?"

"படம் நான் போட்டது. பரீட்சை நான் எழுதினது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனுக்கு ஒண்ணும் தெரியாதா? உன்ன விட எனுக்குத்தான் கண்ணு தெரியும். தெரிஞ்சிதான் போட்டேன். மாசம் பதினாலு போட்டேன்." கட்டுப் போட்ட கையை மடியில் இறக்கி வைத்தார். "நீ சொன்னா பொய்ப் பரீட்சைன்னு எனுக்கு இன்னொரு கேஸு. உனுக்கு ஒண்ணு. உள்ள போறதுக்கு ஒரு ஆளு போதும். உங்கம்மாகிட்ட ஒரு ஆளு இருக்கணும்."

நான் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது நியாயமாக இருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த முப்பத்தொன்பது நாளில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தரையில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்காருவார். அம்மா பின்பக்கமாக எதையாவது எடுக்கப் போனால் தட்டை விட்டு எழுந்துவிடுவார். சித்தூருக்குப் போய் அந்த அம்மாளின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கிளம்பினார். வக்கீல் தடுத்தார். ஆறாவது திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போனவர், ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். காலை பத்தே முக்கால். எழுப்பப் போன கான்ஸ்டபிள், நைனா தூங்குகிறார் என்று நினைத்தாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். படத்தின் மூலக் கோப்பு, அது என் கணினியில் உருவான தேதி, பன்னிரண்டு ஆவணங்கள், எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்தேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். முதல் பக்கத்தைப் படித்தார். மற்றதைப் புரட்டினார். பிறகு தெலுங்கில் சொன்னார்: "ஆயன போயாருகதம்மா. கேஸ் க்ளோஸ்." அவர்தான் போய்விட்டாரே அம்மா என்று. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு முடிந்தது. இன்னொருவர் பெயரைச் சேர்க்க யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பமும் நிர்வாகத்தோடு பேசி முடித்துவிட்டது. நீ படித்த பெண், வேலையிருக்கிறது, அம்மா இருக்கிறாள், வீட்டுக்குப் போ என்றார். காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வக்கீலும் அதையே சொன்னார். நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஆழ்ந்த அனுதாபங்கள் என்று பதில் வந்தது. சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் சான்றிதழைப் புதுப்பிக்க நினைவூட்டல் என்று ஒன்று வந்தது, நைனாவின் பெயருக்கு.

ஜனவரியில் சின்னப்பன் அழைத்தார். அவர் அந்த ஹாலை விட்டுவிட்டுச் சித்தூரில் ஒரு கல்யாண ஹாலுக்கு வேலைக்குப் போயிருந்தார். அங்கே சாப்பாட்டுக் கூடச் சுவரில் அதே படம் மாட்டியிருக்கிறது என்றார். தணிகாசலம் அண்ணன் பேரோடு இருக்குது பாப்பா என்றார்.

விசாரித்தேன். ஹால் மேனேஜர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 2023 கடைசியில் எங்கள் மேனேஜர் அதைப் பெருமையாகப் பகிர்ந்திருக்கிறார். சான்றிதழ் பெற்ற அமைப்பு, இடத்தை வீணாக்காதீர்கள் என்று எழுதி. கோப்பின் பெயர் 'டைனிங் 384'. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று தெரியாது. குப்பத்தில் ஒன்று, புத்தலப்பட்டு அருகே ஒன்று, சித்தூரில் இது. எனக்குத் தெரிந்து மூன்று. தங்கள் கூடத்துக்கு ஏற்றபடி வரிசையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார்கள். மூன்றடியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

சித்தூர் ஹாலின் மேனேஜர் ஹரிபாபு. முப்பது வயதிருக்கும். உட்கார வைத்துக் கேட்டார். விபத்து பற்றி அவருக்குத் தெரியும். அந்த விபத்தும் இந்தப் படமும் ஒன்று என்று தெரியாது. சின்னப்பனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். ஹரிபாபுவைப் பின்னால் நிற்கச் சொன்னேன். காலி வாளியோடு நான் நடந்தேன். வாளி அவர் தொடையில் இடித்தது. மறுபடி நடந்தேன். மறுபடி இடித்தது.

"நான் கொஞ்சம் தடியா இருக்கேன் மேடம்" என்றார் ஹரிபாபு. வாளியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "ஆனா அங்க கரென்ட் போனதுதானே பிரச்சனை? எங்க ஜெனரேட்டர் நாலு செகன்ட்ல எடுத்துக்கும்."

"நாலு செகன்ட் போதும் சார்."

"ரெண்டு வரிசை எடுத்தா அறுபது சீட்டு போகுது. ஓனர்கிட்ட நான் என்ன சொல்றது? போட்டவரு சர்டிஃபைடு ஆளு. அவரே போட்டிருக்காரு."

"அவரு போடல. நான் போட்டேன்."

அவர் படத்தின் மூலையில் இருந்த பெயரைப் படித்தார். அப்பாவின் பெயர் அங்கே இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார். அது உண்மைதான். அதற்காகத்தான் போயிருந்தேன். எழுந்து உள்ளே போனவர் வெள்ளை மை பாட்டிலோடு வந்தார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, உறையை உரித்து, வலது கீழ் மூலையில் பெயரின் மேல் பொறுமையாகப் பூசினார். காயும் வரை ஊதினார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பிறகு உறையைப் போட்டு அதே ஆணியில் மாட்டினார்.

"இப்ப சரியா மேடம்?"

நான்கு மாதமாக நான் கேட்டது அதுதான். முதல் முறையாக ஒருவர் அதைச் செய்து கொடுத்திருக்கிறார். என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. படம் அங்கேயே இருக்கிறது. இப்போது யாருடையதும் இல்லை என்று இருக்கிறது. வரும் முகூர்த்தம் என்றைக்கு என்று கேட்டேன். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு பெரிய கல்யாணம் என்றார்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். யாரும் அழைக்கவில்லை. பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தேன். மேசைகள் என் படத்தின்படியே கிடந்தன. முதல் பந்தி உட்கார்ந்தது. இலையில் உப்பு வைக்கும்போதே பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் வரிசைக்கு வரிசை போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். கொஞ்சம் வெளிய நில்லுங்க, அடுத்த பந்தியில உட்காரலாம், கொஞ்சம் வெளிய வாங்க. நான்கு பேர் நகர்ந்தார்கள். நான் அடுத்த வரிசைக்குப் போனதும் நால்வரும் திரும்ப வந்தார்கள். ஒரு பெரியவர் என் கையை விலக்கினார்.

"நீ யாரும்மா? பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

இரண்டும் இல்லை என்றேன்.

"அப்ப எங்கள வெளிய போச் சொல்ல நீ யாரு?"

சொல்ல ஆரம்பித்தேன். திருப்பதியில் ஒரு ஹால், மூன்றடி, ரசம் வாளி. கூடத்தில் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாதாரணச் சேலை, நகையில்லை, முகம் எப்படியிருந்ததோ. பாவம், பசியோட வந்திருக்குது, இத மொதல்ல உட்கார வைங்கப்பா என்றார். அப்போதுதான் ஒருவர் கை கழுவ எழுந்தார். அவர் இடத்தில் என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பழைய இலை போய்ப் புது இலை விழுந்தது. சோறு விழுந்தது.

எழ முடியவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. திரும்பினேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றிருந்தாள். அவளை உரசிக்கொண்டு சாம்பார் வாளி போனது. அவள் குழந்தையின் காலை மடக்கிக்கொண்டாள்.

"மெதுவா துன்னுக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். கையை எடுக்கவில்லை.

அவள் உட்கார வேண்டும், குழந்தை வழியிலிருந்து விலக வேண்டும் என்று வேகமாகச் சாப்பிட்டேன்.